பச்சைத் தேயிலை விலையும் கரடிப் பாதுகாப்பும்

இந்தப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைச் சொற்பொழிவில் காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தீர்கள். யானைக்காகவும் புலிக்காகவும் பேச இங்கே ஆட்கள் நிறைய உண்டு. நான் கரடியை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் நீலகிரியில், கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்து சிறு விவசாயிகளோடும் கொழுந்து பறிக்கும் பெண்களோடும் மோதுகிற கரடியை எடுத்துக்கொள்கிறேன். இந்த மோதலை நாம் வனத்துறையின் விவகாரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கரடி வந்தால் ரேஞ்சருக்குப் போன் செய்கிறோம். கூண்டு வைக்கச் சொல்கிறோம். யாராவது அடிபட்டால் இழப்பீடு கேட்கிறோம். இவையெல்லாம் தேவைதான். ஆனால் மலையில் கரடிக்கும் மனிதருக்கும் இடையில் நடப்பதன் வேர், பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் இருக்கிறது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. மலை விவசாயம் நொடிக்கும்போது கரடியும் சேர்ந்து ஆபத்துக்குள்ளாகிறது. எனவே விவசாயியைத் தூக்கி நிறுத்தாத கரடிப் பாதுகாப்பு நிலைக்காது.

முதலில் விலங்கைப் பற்றிச் சில செய்திகள். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் வாழும் நம் கரடி உலகக் கரடிகளுள் தனி வகை. புற்றை உடைத்துக் கரையானை உறிஞ்சித் தின்பதற்கென்றே அதன் உடல் அமைந்திருக்கிறது. மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்றோடு சேர்த்துக் கரையானை இழுக்கிறது. முன்னங்கால் நகங்கள் நீண்டு வளைந்தவை. நாவல், இலந்தை, பலா, தேன் எல்லாம் அதன் உணவு. குளிர்நாட்டுக் கரடிகளைப் போல இது நீண்ட குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆண்டு முழுவதும் இரை தேட வேண்டும். ஒரு ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள்தான். தாய் அவற்றை முதுகில் சுமந்து திரியும். குட்டிகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாயோடு இருக்கும். அதனால் இதன் பெருக்கம் மிக மெதுவானது. உலக அளவில் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பயிரைச் சேதப்படுத்தியது என்ற காரணத்துக்காக இதைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை. மனித உயிருக்கு ஆபத்து என்பது போன்ற மிகச் சில காரணங்களுக்காகத் தலைமை வனவுயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் முடிவு செய்தால் மட்டுமே அதற்கு வழி உண்டு.

இந்த விலங்கு ஏன் மனிதரைத் தாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. கரடி மனிதரை இரையாகப் பார்ப்பது மிக அரிது. மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, 700-க்கும் மேற்பட்டோர் கரடியால் தாக்கப்பட்டிருந்தனர். அவர்களில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. கொல்லும் நோக்கம் இருந்திருந்தால் இந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்கும். கரடிக்குப் பார்வை கூர்மையில்லை. புற்றில் வாயை வைத்து உறிஞ்சும்போது எழும் சத்தம் வெகு தூரம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஆள் வருவது அதற்குத் தெரியாது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு அது. மரமேறித் தப்புவது புலியிடமோ சிறுத்தையிடமோ பலிக்காது; எதிர்த்து நிற்பதே அதன் தற்காப்பு. எனவே சில அடி தூரத்தில் திடீரென்று ஓர் உருவத்தைக் கண்டால் இரண்டு கால்களில் எழுந்து முகத்தையும் தலையையும் நோக்கிப் பாய்கிறது. அடிபட்டவர் உயிர் பிழைத்தாலும் கண்ணையோ மூக்கையோ தாடையையோ இழந்து வாழ்நாள் முழுவதும் துன்பப்படுகிறார். ஆக, மோதலைத் தீர்மானிப்பது கரடிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், மனிதரும் கரடியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நெருங்கும் வாய்ப்பு. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி வாதம் தானாகத் தெளிவாகும்.

நம் இலக்கியத்துக்குக் கரடி புதிதல்ல. சங்கப் பாடல்களில் எண்கு என்னும் கரடி இரவில் புற்றைத் தோண்டுகிறது; இருப்பைப் பூவைத் தின்கிறது. இருப்பை என்பது இன்றைய இலுப்பை. அந்த வருணனைகள் காட்டும் நிலம் பெரும்பாலும் வறண்ட அடிவாரமும் சரிவும்தான். இன்றைய உயிரியலும் ஏறத்தாழ அதையே சொல்கிறது: நம் கரடிக்கு ஏற்ற வாழிடம் இலையுதிர் காடும் முட்காடும் பாறைச் சரிவும். மாயாறு பள்ளத்தாக்கிலும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும் சரிவிலும் அப்படிப்பட்ட நிலம் உண்டு. மேலே உள்ள பீடபூமி சோலையும் புல்வெளியுமாக இருந்த குளிர்நிலம்; கரடிக்கு அது முதன்மையான வீடு இல்லை. அப்படியிருக்க, கடந்த இருபது ஆண்டுகளில் அது மேட்டு ஊர்களின் அன்றாடச் செய்தியாக ஆகிவிட்டது என்றால், மேலே ஏதோ ஒன்று அதை இழுத்து வைத்திருக்கிறது என்று பொருள்.

அதைப் புரிந்துகொள்ள மலையின் பயிர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நீலகிரியில் படுகர் மக்களின் ஊர்களான அட்டிகளைச் சுற்றி ஒரு காலத்தில் சாமையும் ராகியும் கோதுமையும் விளைந்தன. பின்னர் உருளைக்கிழங்கும் கோசும் கேரட்டும் பூண்டும் வந்தன. உருளைக்கிழங்கை 1961-இல் கண்டறியப்பட்ட தங்க நூற்புழு தாக்கியது. தடைகளும் விலை ஏற்ற இறக்கமும் சேர்ந்து விவசாயிகளைத் தளர வைத்தன. 1970-களிலும் 1980-களிலும் சிறு விவசாயிகள் அலையலையாகத் தேயிலைக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தில் பொருளாதாரப் புத்தகங்கள் பேசாத ஒரு விளைவு உண்டு. உணவுப் பயிர் விளையும் நிலத்துக்குக் காவல் வேண்டும். குறிஞ்சித் திணைப் பாடல்கள் பல தினைப்புனக் காவலில்தான் நடக்கின்றன. பரணும் தட்டையும் கவணும் இல்லாமல் மலையில் தானியம் வீடு வந்து சேராது. தேயிலையை எந்த விலங்கும் தின்பதில்லை. அதற்கு இரவுக் காவல் தேவையில்லை. நெருப்பும் கூச்சலும் தேவையில்லை. காவல் போனாலும், பகலில் ஆள் நடமாட்டமும் ஒழுங்காகக் கவாத்து செய்த செடிகளும் இருந்தவரை பெரிய ஆபத்து இல்லை. இடுப்பளவு உயரத்தில் தட்டையாக வெட்டிய தேயிலைப் பரப்பில் ஒரு கரடி நடந்தால் அடுத்த சரிவிலிருந்தே தெரியும்.

அந்த ஒழுங்கைக் குலைத்தது விலை. சோவியத் ஒன்றியத்தின் சந்தையை நம்பி வளர்ந்தது நீலகிரித் தேயிலை. அந்தச் சந்தை சிதறியது. 1990-களின் இறுதியில் ஓரளவு நன்றாக இருந்த பச்சைத் தேயிலை விலை 2000-ஆம் ஆண்டையொட்டிப் பாதிக்கும் கீழே சரிந்தது; மலை முழுவதும் போராட்டங்கள் நடந்தன. அந்தச் சரிவிலிருந்து சிறு விவசாயி இன்றுவரை முழுமையாக மீளவில்லை. 2023-இல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு குறைந்தபட்ச விலை கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது தொழிற்சாலைகளில் கிடைத்தது அதில் ஏறத்தாழப் பாதி. ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். கையால் பறிக்கும் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 17 ரூபாய் என்றால் வருவது 425 ரூபாய். பறித்தவர் கூலியே அப்போது நானூறைத் தாண்டியது. உரம், களையெடுப்பு, கவாத்து, லாரி வாடகை ஆகியவற்றுக்கு என்ன மிஞ்சும்? வயதான விவசாயி வீட்டருகே உள்ள பாத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, காட்டோரத்துப் பாத்தியைக் கைவிடுகிறார். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்டார்கள். காட்டை ஒட்டிய நிலமே முதலில் தரிசாகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கைவிட்ட தேயிலை என்ன ஆகிறது? தேயிலை இயல்பில் மரம். பறிக்காமலும் வெட்டாமலும் விட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு எழும்பிவிடும். மேலே இலை நெருங்கி நிற்க, கீழே தண்டுகளுக்கு நடுவில் வெளிச்சம் குறைந்த, குளிர்ந்த, காற்றடிக்காத குகைபோன்ற இடம் உருவாகும். உதிர்ந்த இலையும் பட்டுப்போன சில்வர் ஓக் கட்டையும் கரையானை வரவழைக்கும். இடைவெளிகளில் உண்ணிச்செடி படரும். அதன் பழத்தைக் கரடி விரும்பித் தின்னும். ஓரங்களில் சீகை மரம் முளைத்து மறைவைக் கூட்டும். பகலில் படுக்க மறைவும், பக்கத்திலேயே உணவும் தண்ணீரும் கிடைக்கிற இந்த இடத்தைவிட்டு ஒரு தாய்க்கரடி ஏன் போக வேண்டும்? இந்தப் புதருக்கு அடுத்த பாத்தியில்தான் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்கப் பெண்கள் வரிசையாக இறங்குகிறார்கள். அவர்களில் பலர் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். இந்த மலையின் தடமும் எச்சமும் அவர்களுக்குப் பழக்கமில்லை. பார்க்காமல் நெருங்கும் வாய்ப்பு என்று சொன்னேனே, அது இங்கேதான் உற்பத்தியாகிறது.

புதரில் தங்கிய கரடி அடுத்த கட்டமாக வீட்டை நோக்கி வருகிறது. அது மோப்பத்தால் வாழும் விலங்கு. எண்ணெய், சர்க்கரை, மாவு, பழம் ஆகியவற்றின் வாசனை அதை இழுக்கும். நீலகிரிச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்: இரவில் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடி, அங்கன்வாடியின் பருப்பையும் எண்ணெயையும் தேடி வரும் கரடி, பேக்கரியின் பின்கதவைப் பெயர்க்கும் கரடி. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகளில் சமையலறைக் கதவு பெரும்பாலும் மெல்லிய பலகைதான். கால் கிலோ கரையானுக்காக மணிக்கணக்கில் மண்ணைத் தோண்டும் விலங்குக்கு, ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும் பலகைக் கதவு எவ்வளவு லாபமான பேரம் என்று நினைத்துப் பாருங்கள். ஒருமுறை பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும். தாய் பழகினால் குட்டியும் பழகும்.

இது நீலகிரிக்கு மட்டும் உரிய கதையாக இருந்தால் என் வாதம் வலுவற்றது. ஜப்பானைப் பாருங்கள். அங்கே ஊருக்கும் மலைக்கும் நடுவே விறகும் புல்லும் காளானும் எடுத்துப் பராமரித்த தோப்பு நிலங்கள் உண்டு, சதோயாமா என்பார்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்கள் மட்டும் மிஞ்சிய மலை ஊர்களில் அந்த நிலம் புதராயிற்று. பறிக்க ஆளில்லாமல் பெர்சிமன் பழம் மரத்திலேயே கனிந்து தொங்குகிறது. காட்டில் பீச் (beech) மரக் காய்ப்பு பொய்த்த ஆண்டுகளில் கரடி நேராக ஊருக்குள் இறங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் 219 பேர் தாக்கப்பட்டனர். 6 பேர் இறந்தனர். 2025-இல் உயிரிழப்பு அதையும் தாண்டியது. அகிதா மாகாணத்தில் பொறி வைக்க உதவுவதற்கு ராணுவமான தற்காப்புப் படையையே அனுப்ப வேண்டியதாயிற்று. ஜப்பானியக் கரடி வேறு இனம், குளிர்காலத்தில் உறங்குவது, மரக்கொட்டைகளை நம்பி வாழ்வது. எனவே இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஆனால் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது ஒன்று: காட்டுக்கும் ஊருக்கும் நடுவே மனிதக் கை பட்டுக்கொண்டிருந்த நிலத்திலிருந்து மனிதக் கை விலகிப்போனது. உலகின் மிகச் செல்வச் செழிப்பான நாடுகளில் ஒன்றாலும் அந்த வெற்றிடத்தைப் பின்னர் எளிதில் நிரப்ப முடியவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு சூழலியல் நண்பர்களிடமிருந்து வரும்: காட்டை அழித்தது மனிதன், கரடியின் வீட்டில் குடியேறிவிட்டுக் கரடியைக் குறை சொல்லலாமா? காடு அழிந்தது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் காப்பி, தேயிலை எஸ்டேட்டுகளும், பின்னர் வந்த கற்பூர மர, சீகைத் தோட்டங்களும், இன்றைய ரிசார்ட்டுகளும் வழித்தடங்களைத் துண்டித்திருக்கின்றன. அதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காடு அழிந்ததே முழுக் காரணம் என்றால், தேயிலைப் பரப்பு வேகமாகப் பெருகிய காலத்தில்தான் மோதல் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். பெருக்கம் நின்று, பரப்பு கைவிடப்படத் தொடங்கிய பிறகே மோதல் கூர்மையடைந்தது. மேலும், வெட்டியவர் ஒருவர், அடிபடுபவர் வேறொருவர். அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்திடமும் தினக்கூலிப் பெண்ணிடமும் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் கடனை வசூலிப்பது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும்: கரடி பெருகிவிட்டது, சுட்டுத்தள்ளினால் தீர்ந்தது. இதற்கும் ஜப்பானே பதில். 2023-24-இல் அங்கே பிடிக்கப்பட்ட கரடிகள் 9,000-க்கும் அதிகம், பெரும்பாலானவை கொல்லப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு கழித்தும் உயிரிழப்பு புதிய உச்சத்தைத் தொட்டது. புதரும் பழமும் அப்படியே இருக்க, காலியான இடத்துக்கு வேறொரு கரடி வந்து சேர்ந்தது. அதே நாட்டின் கியூஷு தீவில் கரடி இனமே அற்றுப்போனதாக 2012-இல் அறிவித்தார்கள். ஷிகோகு தீவில் இருபது முப்பதுதான் மிஞ்சியிருக்கின்றன. அதாவது, கொல்வதால் ஓரிடத்தில் மோதல் தீராமலும் இன்னோரிடத்தில் இனம் தீர்ந்தும் போயிருக்கிறது. மெதுவாகப் பெருகும் நம் கரடி விஷயத்தில் இரண்டாவது ஆபத்து இன்னும் பெரிது. மனிதரைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தாக்கும் ஒரு தனி விலங்கைச் சட்டப்படி அகற்றுவதை நான் எதிர்க்கவில்லை. அதையே கொள்கையாக ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

மூன்றாவது, கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுங்கள் என்பது. மக்கள் கோபத்தைத் தணிக்க இதுவே எளிய வழி என்பதால் அதிகாரிகளும் இதையே நாடுகிறார்கள். கரடிகள் வழி அறிந்து வெகுதூரம் திரும்பி வருபவை என்பது உலகெங்கும் பதிவான உண்மை. திரும்ப வராவிட்டால், விட்ட இடத்தில் ஏற்கெனவே உள்ள கரடியோடு சண்டையிடும். அல்லது எண்ணெய் வாசனை அறிந்த அந்தக் கரடி அடுத்த ஊரின் கதவைத் தேடும். ஒரு கரடியின் பழக்கத்தை மற்றொரு வட்டத்துக்கு மாற்றல் உத்தரவு போட்டு அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை.

நான்காவது, இழப்பீட்டை உயர்த்துங்கள் என்பது. உயர்த்த வேண்டும், விரைவாகவும் தர வேண்டும். ஆனால் இழப்பீடு காயம்பட்ட பிறகு வருவது. சிதைந்த முகத்துக்கு விலை நிர்ணயிக்க முடியாது. பல மாதம் வேலைக்குப் போக முடியாத தினக்கூலியின் இழப்பும், குத்தகைக்கு நிலம் எடுத்தவரின் இழப்பும், உடைந்த கதவும், இருட்டிய பிறகு பிள்ளையை டியூஷனுக்கு அனுப்ப அஞ்சும் வீட்டின் இழப்பும் எந்தப் படிவத்திலும் சரியாக அடங்குவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், இழப்பீடு புதரை வெட்டுவதில்லை. காரணத்தைத் தொடாமல் விளைவுக்கு மட்டும் பணம் தரும் ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு செலவைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஐந்தாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. கைவிட்ட நிலம் காடாகட்டுமே! அழிந்த வாழிடம் இலவசமாகத் திரும்பக் கிடைக்கிறதே, அதை ஏன் தடுக்க வேண்டும்? இதை நான் மதிக்கிறேன். ஆனால் புதர் மண்டிய தேயிலை காடாகிவிடுவதில்லை. உண்ணிச்செடியும் சீகையும் பிடித்துக்கொண்ட இடத்தில் சோலை மரம் தானாக முளைத்து மேலெழுவது கடினம். கரடிக்கு மறைவு கிடைக்கும், நாவலும் இலந்தையும் கிடைக்காது. அது காடும் ஆகாமல் தோட்டமும் ஆகாமல் நிற்கும் இடைநிலை. இரு தரப்புக்கும் மிக ஆபத்தான நிலை அதுவே. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்க, வனத்துறை 1968 முதல் காட்டைத் திருத்தித் தோட்டங்கள் அமைத்தது. அவையே பின்னர் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. நட்டம், ஆள் பற்றாக்குறை என்று 2022-இல் அவற்றில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு ஆணையிட்டது. ஆணையால் நிலத்தின் பெயர் மாறும். தேயிலைப் புதர் மாறாது. அந்த நிலத்தில் களைத் தாவரங்களை அகற்றி, அந்தந்த உயரத்துக்குரிய மரங்களையும் புல்லையும் நட்டு, ஆண்டுக்கணக்கில் பராமரித்தால் அது காடாகும். இல்லையென்றால், கப்பலேறி வந்து இரண்டு தலைமுறை உழைத்த குடும்பங்களின் லயன் வீடுகளுக்கு நடுவே கரடிக்குப் படுக்கை விரித்த கணக்காகும். எனவே என் நிலைப்பாடு இது: எந்த நிலம் காடாக வேண்டுமோ அதை முழுமையாகக் காடாக்குங்கள், எந்த நிலம் தோட்டமாக இருக்க வேண்டுமோ அதைத் தோட்டமாகவே வைத்திருங்கள். ஊரை ஒட்டிய நிலம் இரண்டுக்கும் நடுவில் தொங்கக் கூடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஊரையும் பள்ளிப் பாதையையும் லயன் வீடுகளையும் சுற்றியுள்ள முதல் வரிசைத் தோட்டங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் கவாத்தும் களையெடுப்பும் தடைப்படாமல் நடக்கக் கூலியை அரசு ஏற்க வேண்டும். உரிமையாளர் வெளியூரில் இருந்தால், அவர் ஒப்புதலோடு மகளிர் குழுக்களுக்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கோ அந்த நிலத்தைப் பராமரிக்கக் கொடுக்கலாம். அடுத்து, உணவைப் பூட்ட வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998-ஆம் ஆண்டு மட்டும் 1,500-க்கு மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. உணவு வைக்க இரும்புப் பெட்டிகள், கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிகள், மீறுவோருக்கு அபராதம் என்று உறுதியாக நடத்தியதில் அந்த எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. கரடிகள் அங்கேயே இருக்கின்றன. லாபமான பேரம்தான் இல்லாமல் போயிற்று. நமக்குத் தேவைப்படுவது ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் இரும்புக் கதவு, கோயில் எண்ணெய்க்குப் பூட்டும் பெட்டி, லயன் வீட்டுச் சமையலறைக்கு உறுதியான கதவு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, ஒழுங்கான குப்பை அகற்றல். மூன்றாவது, தகவல். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து உயிர்களைக் காத்திருக்கிறது. கரடி நடமாட்டத்துக்கும் அதைத் தமிழிலும் வடமாநிலத் தொழிலாளர்களின் மொழிகளிலும் செய்யலாம். வெளிச்சம் வந்த பிறகு, கூட்டமாக, சத்தமிட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்கும் பழக்கத்தை மேஸ்திரிகள் வழியாக நிலைப்படுத்தலாம்.

தேயிலை விலையைத் தாங்கிப் பிடிக்கக் காட்டுயிர்ப் பணத்தைச் செலவழிப்பதா என்று பொருளாதார அறிஞர்கள் கேட்கக்கூடும். சந்தை தீர்மானிக்கும் விலையை அரசு எவ்வளவு காலம் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. மலை முழுவதற்கும் மானியம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காட்டோரத்து விவசாயி இன்று ஊதியமின்றி ஒரு பொதுச் சேவை செய்துகொண்டிருக்கிறார்: தன் நிலத்தைத் திறந்த வெளியாக வைத்திருப்பதன் மூலம் ஊரையும் கரடியையும் பிரித்து வைக்கிறார். அவர் அதை நிறுத்தியதும் அந்தச் சேவையின் மதிப்பு கூண்டு, மயக்க ஊசி, மருத்துவமனை, இழப்பீடு என்று நம் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அந்தச் சேவைக்கு முன்கூட்டியே கூலி தருவது தருமமாகாது. அது செலவைக் குறைக்கும் வழி. ஜப்பானும் இப்போது ஊரோரப் புதரை வெட்டவும் பறிக்காத பழ மரங்களை அகற்றவும் பணம் ஒதுக்குகிறது. காலம் கடந்து செய்வதால் அதிகம் செலவழிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அது அரசியல் சார்ந்தது. இத்தாலியின் திரெந்தினோ மலைப்பகுதியில் 1999 முதல் 2002 வரை ஸ்லோவேனியாவிலிருந்து 10 கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தொடக்கத்தில் மக்களில் பெரும்பான்மையோர் அதை ஆதரித்தனர். கரடிகள் நூற்றை எட்டின. 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் கரடியால் கொல்லப்பட்டதும் அந்த ஆதரவு கரைந்து, கரடிகளை அகற்றுங்கள் என்ற குரல் ஓங்கியது. சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மலையில் வாழ்பவரின் சம்மதம் போன பிறகு கரடி பிழைக்காது. கண்ணியும் விஷமும் வைப்பதற்கு எந்த அட்டவணையையும் திருத்த வேண்டியதில்லை. நீலகிரியின் சிறு விவசாயியும் தொழிலாளியும் இத்தனைக்குப் பிறகும் கரடியைப் பெரும்பாலும் சகித்துக்கொண்டே வாழ்கிறார்கள். அந்தப் பொறுமையை வற்றாத ஊற்று என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுவது பெரும் பிழை.

முடிவாகச் சொல்கிறேன். கரடிப் பாதுகாப்பு பற்றிய கூட்டங்களில் வனத்துறை அதிகாரியும் ஆய்வாளரும் உட்காருகிறார்கள்; தேயிலை வாரியமும் கூட்டுறவுத் தொழிற்சாலையும் உள்ளாட்சி மன்றமும் தொழிலாளர் சங்கமும் அங்கே இருப்பதில்லை. அவர்களை அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். கைவிடப்பட்ட நிலங்களின் வரைபடமும் கரடி நடமாட்டத்தின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட வேண்டும். அந்த வேலையை இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களே தொடங்கலாம். காட்டோரத்துத் தேயிலைப் பாத்தி ஒழுங்காகக் கவாத்து செய்யப்படும் ஊரில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் பிழைப்பார், கரடியும் பிழைக்கும். அந்தப் பாத்தியைப் பராமரிக்கும் விலையை விவசாயிக்குக் கொடுங்கள் என்பதே அரசுக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள்.